தாங்குவோர் அனுப்பும் காணிக்கைக்கு ஊழியர் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டுமா?

தாராபுரம் ஊழியர்:
எந்தத் திருச்சபையின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல், தாராபுரம், மூலனூர் வட்டாரக் கிராமங்களில் சுவிசேஷ ஊழியம் செய்துவருகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் விசுவாசிகளும் கோவையில் இருக்கும் சில குடும்பங்களும் மாதந்தோறும் என் சேமிப்புக் கணக்குக்குக் காணிக்கை அனுப்பி இந்த ஊழியத்தைத் தாங்குகிறார்கள். இதற்கு நான் வருமான வரி ரிட்டர்ன் (கணக்கு விவரப் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆடிட்டர் ஒருவர் சொன்னது எனக்கு உடன்பாடாக இல்லை. எனக்கு முதலாளி இல்லை, ஒப்பந்தம் இல்லை; அடுத்த மாதம் ஒருவர் அனுப்பாமல் விட்டால் ஏன் என்று கேட்கும் உரிமைகூட எனக்குக் கிடையாது. வரி பிடித்தது போகக் கைக்கு வந்த சம்பளத்திலிருந்து அவர்கள் கொடுப்பதற்கு மறுபடியும் வரி கேட்பது எந்த வகையில் நியாயம்?

கோவை கணக்காளர்:
ஐயா, கேட்டு வாங்கும் உரிமை இல்லை என்பதால் மட்டும் ஒரு தொகை வருமானம் ஆகாமல் போய்விடாது. இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 1958-இலேயே பி. கிருஷ்ண மேனன் வழக்கில் கேட்டாகிவிட்டது. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று வேதாந்தம் போதித்துவந்த அவருக்கு, இங்கிலாந்திலிருந்து வந்து பாடம் கேட்ட ஜான் லெவி என்ற சீடர் பெருந்தொகைகளை அளித்தார். கட்டணம் எதுவும் பேசப்படவில்லை, மரியாதையினாலும் அன்பினாலும் கொடுத்தது என்றே வாதிடப்பட்டது. ஆயினும் போதிப்பதே அவர் மேற்கொண்ட பணி, அந்தப் போதனையின் காரணமாகவே பணம் வந்தது, எனவே அது வரிக்குரியது என்று தீர்ப்பாயிற்று. லாப நோக்கம் இல்லாததால் அது தொழில் ஆகாது என்ற வாதமும் எடுபடவில்லை. வேதாந்த ஆசிரியருக்குச் சொன்னது சுவிசேஷகருக்குப் பொருந்தாது என்று வாதாட எனக்கு வழி தெரியவில்லை.

அன்பளிப்பு என்றே வைத்துக்கொண்டாலும் நிலைமை மாறாது. உறவினர் அல்லாதோரிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெற்ற பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே வருமானத்தில் சேரும். உண்மையில் அன்பளிப்பு என்று காட்டுவதுதான் உங்களுக்கு நட்டம். தொழில் வருமானம் என்றால் பெட்ரோல் செலவு, கைப்பிரதி அச்சுக்கூலி, மைக் செட் வாடகை எல்லாவற்றையும் கழிக்கலாம். அன்பளிப்பில் கழிக்க இடமில்லை.

கோபி விசுவாசி:
அரசு உதவி பெறும் பள்ளிகளில் பாடம் நடத்தும் கன்னியாஸ்திரீகளுக்கும் குருமார்களுக்கும், 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றின் பேரில், பல பத்தாண்டுகளாக வரி பிடிக்கப்படவில்லையே. அவர்களுக்கு ஒரு நீதி, கிராமத்து ஊழியருக்கு ஒரு நீதியா?

கோவை கணக்காளர்:
அந்தச் சலுகை இப்போது இல்லை. சம்பளம் முதலில் அந்தத் தனிநபருக்கே சேருகிறது, பிறகு அதைச் சபைக்கு ஒப்படைப்பது அவர் விருப்பம் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்துவிட்டது. சொந்தமாக எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த அவர்களுக்கே விலக்கு இல்லாதபோது நமக்கு எங்கிருந்து வரும்?

பெருந்துறை பொருளாளர்:
சபைக் கணக்கை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இருவருமே வரியைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறீர்கள். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் கட்டாயம். நம் பகுதி ஊழியர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியிராது. சிக்கல் பாஸ்புக்கில்தான் இருக்கிறது. ஒருவர் கொண்டுவந்து காட்டிய பக்கத்தில் ஜூன் மாதத் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), கூடாரப் பந்தல் முன்பணம், மகளின் செமஸ்டர் கட்டணம், ஆலயக் கூரைக்கென்று ஒருவர் கொடுத்த தொகை, மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. அதிகாரி கேட்டால், கூரைக்கு வந்த பணம் எது, குடும்பத்துக்கு வந்தது எது என்று அவரால் எப்படிப் பிரித்துக் காட்ட முடியும்? ஊழியத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் வைத்து, ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டுவைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தாராபுரம் ஊழியர்:
அப்படியானால் டிரஸ்ட் ஒன்றைப் பதிவு செய்துகொள்வது மேலல்லவா? தாங்குகிறவர்களுக்கும் 80ஜி சலுகை, அதாவது நன்கொடைக்கான வரிக் கழிவு, கிடைக்குமே.

கோவை கணக்காளர்:
அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. முழுக்க மத நோக்கத்துக்கான டிரஸ்டுக்கு 80ஜி கிடைக்காது. வருமான வரித் துறையிடம் டிரஸ்டுகளுக்கான 12ஏபி பதிவு பெற்றால் டிரஸ்டின் வருமானத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், தணிக்கை வரும், நிறுவனராகிய நீங்கள் எடுக்கும் சம்பளம் நியாயமான அளவில் இருக்க வேண்டும். அந்தச் சம்பளமும் உங்கள் கையில் வருமானமே. தனியாளாக ஊழியம் செய்கிறவருக்கு ஆடிட்டர் கட்டணமே பெரும் சுமையாகிவிடும் என்பது என் கருத்து.

கோபி விசுவாசி:
வெளிநாட்டிலிருந்து வருவதையாவது விட்டுவிடுவார்களா?

கோவை கணக்காளர்:
அங்கேதான் உண்மையான ஆபத்து. துபாயில் வேலை பார்க்கும், இந்தியக் குடியுரிமையுள்ள ஒருவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்றாலோ, அங்குள்ள சபை அனுப்பினாலோ, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு வேண்டும். பணமும் முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் வந்து சேர வேண்டும். பதிவு பெற்ற இன்னொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு நன்கொடையாக மாற்றிவிடும் வழியும் 2020 திருத்தத்துக்குப் பின் அடைபட்டுவிட்டது.

தாராபுரம் ஊழியர்:
ரிட்டர்ன் தாக்கல் செய்கிறேன். எனினும் தேவனுக்கென்று கொடுத்ததைத் தொழில் வருமானம் என்று எழுதுவதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை. ஒரு சந்தேகம். அனுப்புகிறவர்களில் என் உடன்பிறந்த அக்காவும், பெரியப்பா மகனும் இருக்கிறார்கள். பங்காளி வீட்டுப் பணத்தையும் சேர்க்க வேண்டுமா?

கோவை கணக்காளர்:
அக்கா சொந்த அன்பினால் குடும்பச் செலவுக்குக் கொடுப்பதைச் சேர்க்க வேண்டாம். பெரியப்பாவே கொடுத்தாலும் அப்படித்தான், ஏனெனில் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் சட்டத்தின் உறவினர் பட்டியலில் இருக்கிறார்கள். பெரியப்பா மகன் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் அனுப்பியதைச் சேர்த்தே எழுதுங்கள்.