விரல் பதிலீடா, விரல்மாற்றா? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

பியானோ ஓரளவு தெரிந்து, நாற்பது வயதுக்கு மேல் ஆர்கன் பழக வருகிறவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. பியானோவில் கட்டையைத் தட்டியதுமே ஒலி தேயத் தொடங்கும். விரலை எடுத்தாலும் பெடலை மிதித்திருந்தால் இடைவெளி தெரியாது. ஆர்கனில் விரல் இருக்கும்வரை ஒலி அப்படியே நிற்கும், எடுத்தவுடன் அறுந்துவிடும். காப்பாற்ற அந்தப் பெடல் இல்லை. கால்கள் கீழ்ச்சுரங்களை வாசித்துக்கொண்டிருக்கும். அதனால் 3ஆம் விரல் (நடுவிரல்) அழுத்தியிருக்கும் கட்டையிலேயே 5ஆம் விரலையும் (சுண்டுவிரல்) வைத்து, ஒலி விடாமல், 3ஐ எடுத்துக்கொள்வார்கள். இந்த ஃபிங்கர் சப்ஸ்டிடியூஷனுக்கு 'விரல் பதிலீடு' என்று போட்டிருக்கிறேன். சரியா?
– மொழிபெயர்ப்பவர், பாளையங்கோட்டை

———

அம்மா, 'பதில்' அரபுச் சொல், உருது வழி வந்தது. நம்மிடமே நல்ல உவமை இருக்கிறது. 'தொழாஅர்' என்ற அளபெடையில் ஆகாரம் நீள்கிறது. அதன் இனக்குறிலான அகரம் பக்கத்தில் வந்து அந்த நீட்சியைத் தாங்குகிறது. புதிய ஒலி எதுவும் பிறக்கவில்லை, அதே ஒலிதான். இரண்டாவது விரல் செய்வதும் இதுவே. முதலில் உடம்படுமெய்யை நினைத்தேன். ஆனால் 'மணியடி'யில் யகரம் புதிதாக ஒலிக்கிறது, ஆகவே பொருந்தாது. 'அளபெடைவிரல்' என்று வையுங்கள்.
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

———

ஐயா, உவமை அருமை. ஆனால் அளபெடை என்றதும் என் மாணவர்களுக்குப் பள்ளித் தேர்வுதான் நினைவுக்கு வரும். 'விரல்மாற்று' போதும். பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றும்போது பல்லக்கைக் கீழே வைப்பதில்லையே? கேட்டவுடன் கை புரிந்துகொள்ளும்.
– ஆலய ஆர்கன் வாசிப்பவர், சென்னை

———

இங்கேதான் எனக்குப் பயம். பியானோவில் ஒரே கட்டையை அடுத்தடுத்துத் தட்டும்போது 3, 2, 1 என்று விரல் மாற்றப் பல வருடம் பழகியிருப்பார்கள். அதையும் விரல்மாற்று என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆர்கனுக்கு வந்தும் அதே சொல்லைக் கேட்டால் விரலை எடுத்துவிட்டுத்தான் மாற்றுவார்கள், ஒலி அறும். இளவயதில் வருகிறவர்களை விட இவர்களுக்குப் பழைய பழக்கம் ஆழம். 'பிடிமாற்று' என்றால் பிடித்தபடியே மாற்றுவது என்று தெரியும்.
– பியானோ ஆசிரியை, கோவை

———

'பிடி' என்றால் ராகத்தை அடையாளம் காட்டும் பிடி என்றல்லவா பாட்டுக்காரர்கள் நினைப்பார்கள்? அப்புறம், 'கட்டை' பற்றி ஒரு வார்த்தை. அதை 'விசை' என்று மாற்றிவிடாதீர்கள். ஐந்து கட்டை சுருதி என்று நாம் சொல்வதே ஆர்மோனியக் கட்டைகளை எண்ணி வந்தது. அந்தக் கணக்கில் ஆர்கனில் காலால் வாசிக்கும் பெடல்போர்டுக்குக் 'காற்கட்டை' என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்று: இந்த உத்தி ஆர்கனுக்கு மட்டும் உரியதல்ல. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரின் (Couperin) 1716இல் பாரிசில், பியானோவுக்கு முந்தைய கட்டைக்கருவியான ஹார்ப்சிகார்டுக்கு எழுதிய கைநூலிலேயே இது இருக்கிறது. அந்தக் கருவியிலும் ஒலியை நீட்டும் பெடல் கிடையாது. ஆகவே ஆர்கனோடு ஒட்டிய சொல் வேண்டாம்.
– பழைய உறுப்பினர், மதுரை

———

ஹார்ப்சிகார்டில் ஒலி தேயும், ஐயா. ஆர்கனில் தேயாது. அதனால்தான் இங்கே ஒரு சிறு இடைவெளிகூடக் காதில் அடிக்கிறது. அந்த வேறுபாட்டைச் சொல் காட்டவேண்டாமா?
– கோவை

———

அனைவருக்கும் நன்றி. 'காற்கட்டை'யை எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு விரல்மாற்று நான்கு பேர், பிடிமாற்று இரண்டு, அளபெடைவிரல் ஒன்று (தனிமடல்களையும் சேர்த்து). 'விரல்மாற்று' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்; முதல்முறை வரும் இடத்தில் 'கட்டையை விடாமல்' என்று சேர்த்திருக்கிறேன்.
– பாளையங்கோட்டை

———

முதல்முறை மட்டும் போதாது, அம்மா. ஒவ்வொரு பயிற்சியின் தலைப்பிலும் 'விடாமல்' வரட்டும். என் வகுப்பில் நான் பிடிமாற்று என்றுதான் சொல்வேன்.
– கோவை