கேட்டில் முகம் பார்க்கும் கருவி: பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிர்வாகம் பார்க்கிறேன். சாயப் பிரிவில் இருப்பவர்களுக்கு ரேகை தேய்ந்துபோவதால் கைரேகை மெஷின் சரிப்படவில்லை. முகம் பார்த்துக் கதவு திறக்கும் கருவி வைக்கலாம் என்கிறார் முதலாளி.

எங்கள் கேட் கிழக்குப் பார்த்தது. காலை ஷிப்டுக்கு ஆள் வரும்போது வெயில் அவர்கள் முதுகில். டெமோ கருவியில் முகம் கறுப்பாக விழுகிறது. இன்ஃப்ராரெட் கேமரா இருந்தால் தீருமா, இல்லை கேட்டுக்கு மேலே கூரை இறக்கித்தான் ஆக வேண்டுமா? (வெயிலிலேயே இன்ஃப்ராரெட் இருக்கிறதே என்பதுதான் என் சந்தேகம்.) செல்போனில் போட்டோ காட்டினால் ஏமாறாத மாடல் எது?

இன்னொன்று, காந்தப் பூட்டு. தீ அலாரம் அடித்ததும் அதற்குப் போகும் கரண்ட் தானாகத் துண்டாகிக் கதவு விடுபட வேண்டும். விற்பவரிடம் கேட்டால் "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்கிறார். நானூறு பேர் உள்ளே இருக்கும் இடத்தில் அந்தப் பதில் போதாது. யாராவது அலாரத்தோடு இணைத்திருந்தால் வயரிங் எப்படி என்று சொல்லுங்கள்.

அப்புறம், 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ற ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தால் அனுப்புங்கள். இந்தி, ஒடியாவில் கிடைத்தால் இன்னும் நல்லது. வேலையை விட்டுப் போனவரின் முகப்பதிவை எப்போது அழிக்கிறீர்கள்?