கலைச்சொல்: குருதிப்பெருக்கை நிறுத்தும் 'டூர்னிக்கே'

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
வணக்கம். முதலுதவிக் கைநூலில் 'டூர்னிக்கே'க்கு 'குருதித்தடைக் கட்டு' என்று எழுதலாமா? சிறியதாக வேறு சொல் இருந்தால் நல்லது.

தாதி உத்தியோகத்தர், விபத்துப் பிரிவு:
தம்பி, 'கட்டு' மட்டும் வேண்டாம். காயத்துக்குச் சீலை சுற்றுவதும் கட்டுத்தான். பாம்பு கடித்தால் மேலே கயிறு போடுவதும் கட்டுத்தான். பாம்புக்கடிக்கு அப்படி இறுக்கவே கூடாது.

இன்னொன்று, கட்டு என்றால் ஆட்கள் பாதி இறுக்கத்தில் விட்டுவிடுவார்கள். குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தின் சுவர் மெல்லியது, அமுக்கமும் குறைவு. அதுதான் முதலில் அடைபடும். இதயத்திலிருந்து கொண்டுவரும் நாடி வழியே குருதி வந்துகொண்டே இருக்க, திரும்பிப் போக வழியில்லாமல் காயத்தால் முன்னிலும் கூடுதலாகப் பாயும். அரைகுறையாக இறுக்குவதைவிட இறுக்காமலே விடலாம். பெயரிலேயே 'இறுக்கு' வர வேண்டும்.

முதலில் துணியைக் காயத்தில் வைத்துப் பலமாக அழுத்த வேண்டும், இடையில் தூக்கிப் பார்க்காமல். கை காலில் அதற்கும் நிற்காமல் பீறிட்டால்தான் இந்தப் பட்டி. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே போடுங்கள், முழங்கையிலும் முழங்காலிலும் வேண்டாம். குருதி நிற்கும் வரை, கீழே நாடித்துடிப்பு இல்லாமற் போகும் வரை முறுக்க வேண்டும். நோவு தாங்க முடியாது, கத்துவார்கள். அதற்காகத் தளர்த்தக் கூடாது. நிற்காவிட்டால் முதலாவதற்கு மேலே இன்னொன்று. கயிறோ வயரோ சதையை வெட்டும், 4 செ.மீ. அகலமாவது வேண்டும்.

அறுவைச் சிகிச்சை மருத்துவர்:
'முறுக்குப்பட்டி' என்று வைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். மூலச்சொல்லும் பிரெஞ்சில் 'திருகு' என்ற வினையிலிருந்து வந்தது. 1718இல் ழான் லூயி பெட்டி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் செய்தது திருகாணி வைத்த கருவி. ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நாங்கள் முறுக்குவதில்லை, காற்றடிக்கிறோம். கைக்குப் பெரும்பாலும் 250 மி.மீ. இரசம் அளவு அமுக்கத்தில். இரண்டுக்கும் பொருந்துவது 'இறுக்குபட்டி'. காற்று நிரப்புவது 'காற்றிறுக்குபட்டி', முறுக்கும் தடி 'முறுக்குகோல்'.

பட்டி இறுகியிருக்கும் நேரத்துக்கு 'இறுக்கநேரம்' என்றொரு சொல்லும் கைநூலில் கட்டாயம் வர வேண்டும். 2 மணித்தியாலத்தைத் தாண்டினால் தசையும் நரம்பும் பழுதாகும் ஆபத்து கூடுகிறது. பட்டி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பது நோயாளியோடு வராவிட்டால் எங்களுக்குக் கணக்கே இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி டொக்டர், நன்றி அக்கா. இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் பட்டியையும் இதே சொல்லால் அழைக்கலாமா? அது நாளத்தை மட்டுந்தானே மறிக்கிறது?

தாதி உத்தியோகத்தர்:
கூடாது. அதைப் பார்த்துப் பழகியவர்தான் இதையும் லேசாகப் போடுவார். அதற்கு 'நாளப்பட்டி' போதும். கைநூலில் இறுக்குபட்டிப் படத்துக்குக் கீழே இப்படிப் போடுங்கள்: 'நேரத்தைப் பட்டியிலோ நெற்றியிலோ எழுதுக. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்ததும் வாயாலும் சொல்லுக. வைத்தியர் அல்லாமல் யாரும் கழற்றக் கூடாது.'