மீன் வண்டித் தொட்டிக்கு என்ன அடிப்பது?

குழு: சூசை தாத்தா வீடு

சேவியர்: [புகைப்படம்]
புதிதாக எடுத்த பொலேரோ பிக்கப். விற்றவர் ரப்பர் மேட் விரித்துக் காட்டினார், தூக்கிப் பார்த்தால் தொட்டித் தரை இப்படித் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஜூன் 14 ராத்திரியோடு தடைக்காலம் முடிகிறது. போட் கடலுக்குப் போய்த் திரும்பியதும் சரக்கு ஏற்ற வேண்டும். அதற்குள் ஏதாவது அடித்தாக வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

ரீத்தா அக்கா: பெயிண்ட் அடி

சேவியர்: பழைய டாடா ஏஸ் வண்டிக்கு அடித்தோமே அக்கா. ஒரு மழைக்குத் தாங்கவில்லை.

லூர்து சித்தப்பா: அந்த ஏஸ் விற்ற கணக்கு இன்னும் எனக்கு வரவில்லை.

சேவியர்: சித்தப்பா இப்போது வண்டியைப் பற்றிப் பேசுவோம்.

லூர்து சித்தப்பா: நானும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்தோணி மச்சான்: போட்டுக்குப் போடுகிற ஃபைபர்கிளாஸ் போட்டுவிடலாம். பட்டறையில் அதற்கான நார் மேட்டும் ரெசினும் கிடக்கிறது. ஒரே நாள் வேலை.

மண்டபம் அத்தை: இனிய காலை வணக்கம் 🙏🌹

ஜூடு சவுதி: அண்ணே, அவசரப்பட்டு ஃபைபர் வேண்டாம். மச்சான் கோபப்படாதீர்கள். மரப் போட்டில் ரெசின் ஊறிப் பிடிக்கும். இரும்புத் தகட்டில் அந்தப் பிடி வராது. வெயிலில் தகடு விரியும், லோடு ஏறினால் வளையும், ஃபைபர் கூடவே வளையாது. ஓரத்தில் மயிரிழை விட்டாலும் ஐஸ் தண்ணீர் உள்ளே போய் உட்காரும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், அடியில் இரும்பு அரித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் தொட்டிக்கென்றே ஸ்ப்ரே லைனர் என்று ஒரு கெட்டிப் பூச்சு அடிக்கிறார்கள். லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் எல்லாம் அதற்கென்றே உள்ள கம்பெனிகள். பாலியூரியா, பாலியூரித்தேன் என்று இரண்டு வகை, இரண்டும் கலந்தும் உண்டு. நான் இங்கே டேங்குக்கு அடிப்பது பாலியூரியா. இரண்டு டிரம்மில் இரண்டு திரவம். மிஷின் இரண்டையும் 65, 70 டிகிரிக்குச் சூடாக்கி, 2000 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தத்தில் தள்ளும். துப்பாக்கி வாயில் வந்துதான் இரண்டும் சேரும். தகட்டில் விழுந்த சில விநாடியில் இறுகிவிடும். பிரஷ் வைத்துத் தடவுகிற சமாச்சாரம் இல்லை. இரண்டரை மில்லி கனம் வந்தால் போதும். இறுகிய பிறகும் ரப்பர் மாதிரி கொடுத்து வாங்கும், அதனால்தான் பெட்டி விழுந்தாலும் வெடிக்காது.

ரீத்தா அக்கா: படித்து முடிப்பதற்குள் சோறு குழைந்துவிட்டது

அந்தோணி மச்சான்: நான் போட்ட ஃபைபர் எந்தப் போட்டிலாவது பிரிந்ததா என்று பாம்பனில் கேட்டுப் பார்.

ஜூடு சவுதி: போட்டில் பிரியாது மச்சான். நான் சொல்வது இரும்பு.

பெரியப்பா: புதிய பாம்பன் பாலத்துக்கு ஏதோ விசேஷ பெயிண்ட் அடித்ததாகப் பேப்பரில் வந்ததே. கடலுக்கு நடுவில் நிற்கிற பாலத்துக்கே அது போதும் என்றால் சேவியர் வண்டிக்குப் போதாதா?

ஜூடு சவுதி: அது பாலிசிலாக்சேன் பெரியப்பா. உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் அருமையான சரக்கு. ஆனால் பாலத்தின் மேல் யாரும் மீன் பெட்டியை இழுப்பதில்லை.

பெரியப்பா: 2025 ஏப்ரலில் திறந்தபோது நேரில் போய்ப் பார்த்தேன். நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. 1914 பாலத்தில் கையால் சுற்றித் திறந்த காலமும் எனக்குத் தெரியும்.

மண்டபம் அத்தை: அன்றைக்கு வீட்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனீர்கள். மறக்கவில்லை.

பெரியப்பா: கூட்டம் அம்மா

சேவியர்: அலுமினியத் தகடு அடித்தால்?

ஜூடு சவுதி: இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து போகும். அதற்குப் பதில் 3 மில்லி இரும்புத் தகடே போடலாம் என்றால் சதுர மீட்டருக்கே 23 கிலோவுக்கு மேல், அந்த எடைக்கு மீன் ஏற்றலாம்.

செல்வம் (டிரைவர்): அண்ணே ஒரு சந்தேகம். அந்த லைனர் சொரசொரப்பாக இருக்குமாமே. நாங்கள் பெட்டியைத் தூக்குவதில்லை, இழுக்கிறோம். அப்புறம் சூடை மீன் ஏற்றினால் செதில் எல்லாம் அந்தச் சொரசொரப்பில் அப்பிக்கொள்ளும். கழுவினாலும் நாற்றம் போகாது.

ஜூடு சவுதி: இதுதான் கேள்வி. மரச்சாமான் ஏற்றுகிறவனுக்கு வழுக்கக் கூடாது. நமக்கு வழுக்கவும் வேண்டும், கழுவவும் வேண்டும். தரையை ஓரளவு வழவழப்பாக அடிக்கச் சொல்லுங்கள், கதவு ஓரத்தில் கால் வைக்கிற இடத்தில் மட்டும் சொரசொரப்பு. தண்ணீர் போகிற ஓட்டைகளை மூடாமல் அடிக்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். கறுப்பு வெயிலில் வெளுக்கும், பரவாயில்லை, பலம் குறையாது.

சேவியர்: இங்கே யார் அடிப்பார்கள்?

ஜூடு சவுதி: மதுரையில் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் பாலியூரியா அடிக்கிறவர்களைக் கேளுங்கள். மிஷின் கிட்டத்தட்ட அதேதான். கிடைக்காவிட்டால் ராப்டர் என்று ஒரு லைனர் பாட்டிலில் வருகிறது, ஹார்ட்னர் ஊற்றிக் குலுக்கிச் சாதாரண கம்ப்ரெஸரில் அடிக்கலாம். ஆனால் கனம் வராது. எதை அடித்தாலும் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த ஆவி நெஞ்சைப் பிடிக்கும், காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் வேண்டும்.

அதைவிட முக்கியம், அடிப்பதற்கு முன்னால் செய்கிற வேலை. துரு சுரண்டி வெள்ளைத் தகடு தெரிய வேண்டும். மீன் எண்ணெய் துளி இருந்தாலும் ஒட்டாது, தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். அதற்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பைப் பூசியது மாதிரிதான். காவேரித் தண்ணீர் பிடித்து வைத்துக் கழுவுங்கள்.

மண்டபம் அத்தை: குடிக்கவே குடம் காசு கொடுத்து வாங்குகிறோம். வண்டிக்குக் காவேரிக் குளியலா!

ரீத்தா அக்கா: 😂😂

அந்தோணி மச்சான்: சவுதியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

ரீத்தா அக்கா: ஜூன் 13 அந்தோணியார் திருநாளுக்கு அன்னதானச் சாமான் இந்த வண்டியில்தானே ஏறணும்? அரிசி மூட்டையில் பெயிண்ட் வாடை அடித்தால் சாமியார் என்னைத்தான் கேட்பார்.

சேவியர்: அதற்குள் காய்ந்துவிடும் அக்கா.

லூர்து சித்தப்பா: செலவு எவ்வளவு? வண்டியில் மூன்று பங்கு. என் பங்கு என்ன என்று முதலில் சொல்.

சேவியர்: மதுரையில் விலை கேட்டால்தான் தெரியும். ஜூடு பாதி தருவதாகச் சொன்னான்.

ஜூடு சவுதி: நான் எப்போது சொன்னேன்

ஜூடு சவுதி: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

ரீத்தா அக்கா: படித்துவிட்டேன் தம்பி

சேவியர்: சரி. மதுரைக்கு நான் போன் போடுகிறேன். அமையவில்லை என்றால் ராப்டர். இரண்டும் இல்லை என்றால் மச்சான் ஃபைபர்.

அந்தோணி மச்சான்: கடைசியில் நான்தான்

சேவியர்: எதுவானாலும் துரு சுரண்ட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டி மச்சான் பட்டறையில் நிற்கும். யார் யார் வருகிறீர்கள்?

பெரியப்பா: எனக்கு இடுப்பு.

செல்வம் (டிரைவர்): உச்சிப்புளியில் ஒரு கல்யாணம் அண்ணே

மண்டபம் அத்தை: யார் வீட்டுக் கல்யாணம்? எனக்குச் சொல்லவே இல்லையே

லூர்து சித்தப்பா: நான் வருகிறேன். ஏஸ் கணக்கு நோட்டை எடுத்து வை.