அப்டேட்டுக்குப் பிறகு லோகோவிலேயே நிற்கும் போன்: டேட்டா அழியாமல் மீட்க வழி உண்டா?

எல்லாருக்கும் வணக்கம், அவசரமாக ஒரு உதவி வேண்டும். நேற்று ராத்திரி என் ஆண்ட்ராய்டு போனில் சிஸ்டம் அப்டேட் போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து லோகோ வருகிறது, இருபது நொடி நிற்கிறது, அணைகிறது, மறுபடி லோகோ. விடிய விடிய இதேதான்.

பவர் பட்டனையும் வால்யூம் அப்பையும் சேர்த்து அழுத்தினால் ரெக்கவரி மோடு (போனைச் சரிசெய்வதற்கான தனி மெனு) வருகிறது. அதில் கேச் பார்ட்டிஷனை (தற்காலிக ஃபைல்கள் இருக்கும் பகுதி) வைப் செய்தேன், பலனில்லை. கம்பெனி தளத்திலிருந்து முழு ஓடிஏ ஃபைலை (அப்டேட் ஃபைல்) இறக்கி, ஏடிபி சைட்லோடு செய்தேன், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாகப் போனில் ஏற்றிப் பார்த்தேன். 47 சதவீதத்தில் நின்றுவிட்டது. கேபிளை மாற்றியும் அதே இடம்தான்.

ஃபேக்டரி ரீசெட் செய்தால் சரியாகலாம் என்று தெரியும். ஆனால் அம்மா கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அதில்தான் இருக்கின்றன, பேக்கப் எடுக்கவில்லை. ஸ்டோரேஜ் என்கிரிப்ட் (பூட்டிய குறியீடாக) ஆகியிருப்பதால் போன் ஒருமுறையாவது பூட் ஆகி லாக் திறந்தால்தான் அவை கைக்கு வரும்.

பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்) லாக்கில் இருக்கிறது; அதை அன்லாக் செய்தாலே டேட்டா அழிந்துவிடும், அதனால் அந்த யோசனை வேண்டாம். பழைய சிஸ்டம் இன்னொரு ஸ்லாட்டில் (சிஸ்டத்தின் இரண்டாவது பிரதி இருக்கும் பகுதி) அப்படியே இருக்குமாமே, பூட்லோடர் லாக்கைத் தொடாமல் அதற்குத் திரும்ப முடியுமா? சைட்லோடு பாதியில் நின்று, பிறகு சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பதில் வரும்வரை ரீசெட் பக்கமே போக மாட்டேன்.