பேச்சு வராத பிள்ளை வகுப்பில் சேர்ந்துகொள்ளப் படங்களை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: முன்பள்ளி ஆசிரியை, ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் முன்பள்ளியில் கற்பிக்கிறேன். என்னிடம் 18 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் நான்கரை வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ‘அம்மா’ என்பதைத் தவிர வேறு சொல் இன்னும் வரவில்லை. செவிப்புலனைப் பரிசோதித்து, காதில் குறை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சுச் சிகிச்சைக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. தாய் கொழுந்து பறிப்பவர் என்பதால், சிகிச்சைக்குப் போகும் நாளில் அன்றைய பேர், அதாவது அந்த நாளின் சம்பளம், போய்விடுகிறது.

சிகிச்சையில் தண்ணீர், ரொட்டி, பந்து, கழிவறை என நான்கு படங்களைக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் தண்ணீர்ப் படத்தை எடுத்துவந்து என் கையில் தரப் பழகிவிட்டான். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் காலைப் பாட்டு, கதை, விளையாட்டு என எல்லாரும் கூடும் நேரங்களில் கதவோரமாய்ப் போய்த் தனியே உட்கார்ந்துவிடுகிறான், படங்களும் பையிலேயே கிடக்கின்றன. இவனை மற்றப் பிள்ளைகளோடு சேர்க்க இந்தப் படங்கள் உதவுமா? அத்தோடு, படத்தைக் காட்டிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று அவனுடைய பாட்டி அஞ்சுகிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?

பதில் 1: விசேட கல்வி ஆசிரியர், பதுளை

வணக்கம் டீச்சர். நீங்கள் எழுதிய நான்கு படங்களையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். நான்குமே ஏதோ ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கானவை. பாட்டு நேரத்தில் அவனுக்குத் தண்ணீரும் தேவையில்லை, கழிவறையும் தேவையில்லை. அந்த நேரத்தில் சொல்வதற்கு அவனிடம் ஒரு படமும் இல்லாதபோது பை திறக்கப்படாமல் இருப்பதில் வியப்பில்லை.

படத்தைக் கையில் கொடுத்துக் கேட்கும் இந்த முறையை 1985 இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் ஆன்டி பொண்டி, லோரி ஃப்ரொஸ்ட் என்ற இருவர் உருவாக்கினார்கள். ‘பெக்ஸ்’ என்று அழைக்கப்படும் அதில் ஆறு கட்டங்கள் உண்டு. முதல் ஐந்து கட்டங்களும் ஏதோ ஒரு வகையில் கேட்டுப் பெறுவதைப் பற்றியவையே. கண்டதையும் கேட்டதையும் பற்றித் தானாகச் சொல்வது ஆறாவது கட்டத்தில்தான் வருகிறது. நம் பிள்ளைகளிற் பலர் கேட்கப் பழகியதோடு நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள் என்பது என் நீண்டநாள் வருத்தம்.

ஆகவே ‘என் முறை’, ‘உன் முறை’, ‘இன்னும்’, ‘முடிந்தது’, ‘வேண்டாம்’, ‘பார்’, ‘பிடிக்கவில்லை’ ஆகியவற்றுக்குப் படங்கள் செய்யுங்கள். இவை பாட்டுக்கும் பொருந்தும், மணல் விளையாட்டுக்கும் பொருந்தும், சாப்பாட்டுக்கும் பொருந்தும். நீங்கள் வழக்கமாகப் பாடும் பாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைத்து, இன்று எதைப் பாடுவது என்பதை ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை தெரிவுசெய்யட்டும். அவனுடைய நாளும் வரும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்தப் படங்கள் அவனுடைய பையில் இராமல் ஒரு பெரிய பலகையாகச் சுவரில் இருக்க வேண்டும், 18 பிள்ளைகளும் அதைத் தொட்டுப் பேச வேண்டும் என்பதே. நீங்களும் ‘இன்னும் பாடுவோமா?’ என்று வாயால் சொல்லும்போதே ‘இன்னும்’ படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பேசும் பிள்ளை பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தானே மொழியைக் கற்கிறது. படத்தால் பேச வேண்டிய பிள்ளையும் பிறர் படத்தால் பேசுவதைக் கண்டு கண்டுதான் கற்க முடியும்.

கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவன் ‘வேண்டாம்’ படத்தைத் தொட்டால், இயன்றவரை அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மறுத்தும் பயனில்லை என்று கண்ட பிள்ளை அந்தப் படத்தை மறுபடி தொடாது.

பதில் 2: ஒரு தாய், பண்டாரவளை

என் மகளுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம் இருப்பதால் கையை நீட்டித் தொட அவளால் முடியாது. நான் இரண்டு படங்களை விலக்கிப் பிடித்தால், வேண்டியதன் மேல் பார்வையை நிறுத்துவாள். லயத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்தே பழகிவிட்டார்கள். ஒளிந்து விளையாடும்போது யார் தேடுவது என்பதை இப்போது அவள்தான் கண்ணால் தீர்மானிக்கிறாள்.

முதலில் எங்களுக்குக் கிடைத்த படங்களில் பாலுக்கு ஒரு கடதாசிப் பெட்டி இருந்தது. எங்கள் வீட்டில் பால் என்றால் பால்மா பொதியும் கோப்பையும்தான் என்பதால், அந்தப் பெட்டியைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் கோப்பையையே கைபேசியில் படமெடுத்து அச்சிட்ட பிறகு ஒரே நாளில் புரிந்துகொண்டாள். ரொட்டி, கோயில், கொழுந்துக் கூடை, பாட்டி எல்லாவற்றையும் அப்படியே எடுத்தோம். படத்தின் கீழே வீட்டில் பேசுகிறபடி ‘வேணாம்’ என்றே எழுதினோம், சில படங்களில் சிங்களத்திலும் எழுதினோம். கடைக்காரர் சிங்களவர், அவள் பார்க்கும் படத்தைக் கண்டு அவரே பொருளை எடுத்துத் தருகிறார்.

மழைக்காலத்து ஈரத்தில் அட்டைகள் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். லேமினேட் செய்யும்போது ஓரங்களில் இடம் விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் நீர் உள்ளே இறங்கிவிடும்.

ஒரு பாடசாலையில், மற்றப் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று சொல்லி அவளுடைய படங்களை வாங்கி மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டார்கள். அன்று முழுவதும் என் மகளின் வாயைக் கட்டியதற்கு அது சமம். பதுளை ஆசிரியர் படங்களைச் சுவருக்குக் கொண்டுவரச் சொல்வதைக் கேட்கவே நெஞ்சு நிறைகிறது.

பதில் 3: பேச்சு மொழிச் சிகிச்சையாளர், கண்டி

பாட்டியின் அச்சம் இயல்பானது, அதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஆயினும் இது பல ஆண்டுகளாக ஆராயப்பட்ட விடயம். படங்களும் சைகைகளும் பேச்சு வளர்ச்சியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில பிள்ளைகளிடம் பேச்சு கூடியும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பேச்சு வந்துவிடும் என்று உறுதி கூற முடியாது, அந்த உறுதியைப் பாட்டிக்குக் கொடுக்கவும் வேண்டாம். பேச்சு வரும்வரை பிள்ளை பேசாமல் காத்திருக்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

படங்களுக்கு ஸ்பெயினின் அரகோன் மாநில அரசுக்குச் சொந்தமான அராசாக் (ARASAAC) என்ற படக் குறியீட்டு இணையத்தளத்தைப் பாருங்கள். வணிக நோக்கமின்றி, உரிமையாளரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துவோருக்கு அவை இலவசம். ரொட்டி போன்றவற்றுக்கு மேலே அந்தத் தாய் சொன்னதுபோல் புகைப்படமே நல்லது. ‘இன்னும்’, ‘முடிந்தது’ போன்றவற்றைப் புகைப்படமெடுக்க முடியாது என்பதால் அவற்றுக்கு வரைந்த குறியீடு வேண்டும்.

பலகை செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் பலகைகள் பெரும்பாலும் ஆங்கில ஒழுங்கில் ஆட்களை இடப்பக்கத்திலும், வினைகளை அடுத்தும், பொருட்களை வலப்பக்கத்திலும் வைத்திருக்கும். தமிழில் ‘நான் பந்து எறிவேன்’ என்று வினை கடைசியில் வருவதால், பொருட்களை நடுவிலும் வினைகளை வலக்கோடியிலும் வையுங்கள். விரல் போகும் திசையும் வாய் சொல்லும் ஒழுங்கும் ஒன்றாக இருந்தால், தொட்டுக் காட்டிப் பேசுவது உங்களுக்கும் இலகுவாகும். ஒருமுறை ஓரிடத்தில் வைத்த படத்தை அழகுக்காக இடம் மாற்றாதீர்கள். பிள்ளையின் கை அந்த இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

பலகையை யாரேனும் ஆட்சேபித்தால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்துள்ளது என்பதைச் சொல்லலாம். பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் வழிகளையும் அச்சமவாயம் தொடர்பாடல் என்றே வரையறுக்கிறது.

மீண்டும்: முன்பள்ளி ஆசிரியை, ஹட்டன்

மூவருக்கும் நன்றி. நேற்று பாட்டியை வகுப்புக்கு அழைத்து, நான் படத்தைத் தொட்டுப் பேசுவதை அருகில் இருந்து பார்க்கச் சொன்னேன். அவர் முழுமையாக நம்பவில்லை, ஆனாலும் தன்னைப் படமெடுக்க ஒப்புக்கொண்டார். முதலில் ஒன்பது படங்களோடு தொடங்குகிறேன். கரும்பலகைக்கு அருகில் மாட்டத்தான் எண்ணியிருந்தேன். இப்போது அவன் உட்காரும் கதவோரச் சுவரில், அவனுடைய கை எட்டும் உயரத்தில் மாட்டி, பாட்டு வட்டத்தையும் அந்தப் பக்கத்துக்கே நகர்த்தப் போகிறேன்.