கிரீன் ஸ்மூத்தி: ‘கீரைக் குழையல்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பச்சைக் கீரையையும் பழத்தையும் நீர் விட்டு மிக்ஸியில் அடித்துக் குடிக்கும் கிரீன் ஸ்மூத்திக்குத் தமிழ்ப்பெயராக, நம் சமையல் சொல்லடைவில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: பச்சைச் சாறு, கீரைக் கரைசல், மென்பானம், பசுங்கூழ். ஜாருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதோடு ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்தேன். எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

> ‘பச்சைச் சாறு’ போதுமே. எல்லோருக்கும் உடனே புரியும்.

உடனே புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சாறு என்றால் பிழிந்தெடுத்தது. சக்கை வெளியே போய்விட்டது. ஸ்மூத்தியில் சக்கை என்று எதையும் ஒதுக்குவதில்லை. இலையும் பழத்தின் சதையும், ஆப்பிள், பேரிக்காய் போன்றவற்றில் தோலும் சேர்ந்தே உள்ளே போகின்றன. இதை வீட்டில் செய்து குடிப்பதற்கு முக்கியக் காரணமே அந்த நார்ச்சத்துதான். செய்முறையின் தலைப்பில் ‘சாறு’ என்று போட்டால், படிப்பவர் அடித்து முடித்ததும் வடிகட்டியைத் தேடுவார். எதற்காகக் கீரையைச் சேர்த்தோமோ அதில் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விடும். ஒரு சொல் இப்படிச் செய்முறையையே மாற்றிவிடும் என்றால் அதை ஏற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

‘கரைசல்’ அறிவியல் கணக்கில் தவறு. உப்பு நீரில் கரையும், கீரை கரைவதில்லை. கத்தி அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு துணுக்குகளாக வெட்டுகிறது, அவ்வளவுதான். அந்தத் துணுக்குகள் நீரில் மிதந்தபடி நிற்கின்றன. பாடநூல்கள் இதைத் தொங்கல் என்கின்றன. அடித்து வைத்த டம்ளரைக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாலே தெரியும்: மேலே நுரை கலந்த அடர்பச்சை, கீழே வெளிறிய நீர் என்று பிரியத் தொடங்கும். கரைசல் அப்படிப் பிரியாது.

‘மென்பானம்’ வேண்டாம். அது ஏற்கெனவே சோடா வகைகளுக்குப் போய்விட்டது.

‘பசுங்கூழ்’ நான்கில் மிக நெருங்கி வருகிறது. கெட்டித்தன்மை அதில் இருக்கிறது, எதையும் நீக்கவில்லை என்ற குறிப்பும் இருக்கிறது. தயக்கம் இரண்டு. கூழ் என்றதும் அடுப்பில் வைத்துக் காய்ச்சியது என்றே தோன்றும். இதுவோ அடுப்பே இல்லாத பண்டம். அதைவிடப் பெரிய சிக்கல், ‘பழக்கூழ்’ வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது. ஸ்மூத்திக்குள் போடும் மாம்பழக் கூழையும், முடிந்து வரும் ஸ்மூத்தியையும் ஒரே சொல்லால் குறித்தால் செய்முறை எழுதுபவர் திண்டாடுவார்.

என் பரிந்துரை ‘குழையல்’. அவி, அவியல், மசி, மசியல், வறு, வறுவல். வினையோடு ‘அல்’ சேர்த்துப் பண்டத்துக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழகிய வழி. குழை என்ற வினை மென்மையாகி ஒன்றோடொன்று கலந்துவிடுவதைச் சொல்கிறது. வழவழவென்று வர வேண்டும் என்ற குறிப்பும் அதிலேயே இருக்கிறது. குழை என்பதற்குத் தளிர் என்ற பழைய பொருளும் உண்டு. அதை ஒரு வாதமாக வைக்கவில்லை, ஆனாலும் இலையை அரைத்துச் செய்யும் பண்டத்துக்கு அது வந்து அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

முன்னொட்டு ‘கீரை’யாக இருக்கட்டும். ‘பச்சை’க்கு ஒரு நியாயம் இருக்கிறது: நிறத்தையும் சொல்லும், வேகாதது என்பதையும் சொல்லும். ஆனால் நிறம் நிலையானதல்ல. ஸ்ட்ராபெரி, புளூபெரி சேர்த்தால் பழுப்பாகிவிடும். எலுமிச்சையின் அமிலம் பட்டு நேரம் கழிந்தாலும் பச்சையம் மங்கி ஆலிவ் நிறத்துக்குப் போகும். நிறம் மாறியதால் பண்டம் மாறிவிடாது. கீரை இருந்தால் கீரைக் குழையல், இல்லாவிட்டால் பழக் குழையல். பொதுப்பெயர் குழையல்.

அப்புறம், விளக்கவுரையில் பொருள்களைப் போடும் வரிசையைச் சேர்க்க வேண்டும். முதலில் இலையும் நீரும் மட்டும். இலைத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாத வரை ஓட்டிய பிறகுதான் பழம், உறைந்த துண்டுகள் கடைசியில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கனமான பழம் கத்தியை அடைத்துக்கொள்ளும், இலை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தண்டு நாராகக் கத்தியின் அடியில் சுருண்டு கிடக்கும், குடிக்கும்போது தொண்டையில் சிக்கும். கேல் போன்ற தடித்த இலைகளில் நடுநரம்பைக் கிள்ளிவிடுவது நல்லது. இந்த வரிசை தெரியாமல் செய்தவர்தான் ‘கீரை போட்டால் திப்பிதிப்பியாக வருகிறது’ என்று ஒரே தடவையில் கைவிட்டுவிடுகிறார்.

அன்புடன்,
குழையல் பக்கம் நிற்பவர்

---

வணக்கம் ஐயா,

சாறு, கரைசல் இரண்டையும் விலக்கியது சரி. குழையலில் எனக்கு ஒரு நெருடல். சோறு குழைந்துவிட்டது என்றால் அதிகம் வெந்துவிட்டது என்றுதானே பொருள்? கூழை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினீர்களோ அதே காரணம் இதற்கும் பொருந்தவில்லையா?

இன்னொன்று. ‘நார்ச்சத்து அப்படியே இருக்கிறது’ என்று விளக்கத்தில் எழுதினால், எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். நான் உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இரண்டு வாழைப்பழம், ஒரு மாம்பழம், பேரீச்சை, தேன் எல்லாம் போட்டு, பெயருக்கு நாலு இலை சேர்த்துக் குடிப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். இப்படிச் சேரும் சர்க்கரை பற்றி விளக்கத்தில் ஒரு வரி வேண்டும்.

---

அம்மா, வணக்கம்.

சோறு குழைவது தன்வினை, அங்கே வெப்பம் வேண்டும். மருந்தைத் தேனில் குழைக்கிறோம், சந்தனத்தைக் குழைக்கிறோம். இவற்றில் அடுப்புக்கு வேலையே இல்லை. கூழுக்கு இப்படி வேறு பக்கம் கிடையாது. அதனால் இந்தத் தடையைக் குழையல் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். ‘குழைப்பு’ என்று பிறவினையிலிருந்து எடுக்கலாம் என்பவர்களுக்கு: அது செயலைக் குறிக்கிறது, டம்ளரில் இருப்பதைக் குறிக்கவில்லை.

சர்க்கரை பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அடிக்கும்போது பழத்தின் செல்சுவர்கள் உடைந்து சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் பிரிட்டன் அரசின் உணவு வழிகாட்டுதல் பழச்சாறையும் ஸ்மூத்தியையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மி.லி.க்குள் இருக்கட்டும் என்கிறது. நார் இருப்பது சாறைவிட மேல். முழுப் பழத்தை மென்று தின்பதற்கு அது ஈடாகாது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஸ்பினாச்சில் (பாலக்) ஆக்சலேட் அதிகம்; சிறுநீரகக் கல்லில் சேரும் பொருள் அது. கால்சியம் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் பச்சையாக அரைத்துக் குடிப்பது ஆகாது. வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட் குறையும், ஆனால் இங்கே வேகவைப்பதே இல்லை. கேல், லெட்யூஸ் இவற்றில் அது மிகக் குறைவு, எனவே கீரையை மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தை எடுப்பவர்கள். கரும்பச்சை இலைகளில் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. திடீரென்று தினம் ஒரு டம்ளர் என்று தொடங்கினால் மருந்தின் வேலை குறைந்துவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். ஆரோக்கியம் என்ற பெயரில் பரவும் செய்முறைகளில் இந்த இரண்டும் விட்டுப்போவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

சொல்லடைவுக்கு நான் எழுதிய வாசகம்:

கீரைக் குழையல் (பெயர்ச்சொல்): பச்சைக் கீரையை நீருடன் நன்றாக அடித்து, பின் பழம் சேர்த்து மீண்டும் அடித்து, வடிகட்டாமல் பருகும் கெட்டியான பானம். கீரையே மிகுந்திருக்க வேண்டும். இனிப்பு தனியாகச் சேர்ப்பதில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.

‘கீரையே மிகுந்திருக்க வேண்டும்’ என்பதை எடையால் சொல்வதா, கொள்ளளவால் சொல்வதா என்பது பாக்கி. இலை இரண்டு கை நிறைய இருந்தாலும் எடையில் ஒரு வாழைப்பழத்துக்குக் கீழேதான் நிற்கும். எனக்குக் கொள்ளளவே சரி என்று படுகிறது. ஆலோசனையின்போது நீங்கள் எந்த அளவைச் சொல்கிறீர்கள் என்று எழுதினால் அதையே வாசகத்தில் சேர்த்துவிடலாம்.